சங்கம் இருக்கிறதா? வேலை தேடுவோர் கேட்காத கேள்வி

2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வு, தொடக்க அறிவிப்பின்படி 6,244 இடங்களுக்கானது; அதற்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் முதலிய இப்பணிகளில் செய்யவேண்டிய அன்றாட வேலை அப்படியொன்றும் கவர்ச்சியானதன்று; கோப்பு எழுதுவதும் பதிவேடு பராமரிப்பதும் தனியார் அலுவலகங்களிலும் நடக்கின்றன, ஆனால் அங்கே அதற்காக எந்தப் பொறியியல் பட்டதாரியும் மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் காத்திருப்பதில்லை. ஆகவே இத்தனை பேர் விரும்புவது அந்த வேலையைவிட, அதைச் சூழ்ந்திருக்கும் பணிநிலைகளையே என்று கொள்ளவேண்டும்: தவறாமல் வரும் மாதச் சம்பளம், ஆண்டுதோறும் ஏறும் ஊதியம், விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி, மகப்பேறு விடுப்பு, மேலதிகாரியின் கோபத்தால் மட்டும் பறிபோய்விடாத நாற்காலி.

இவை அரசு வேலைக்கு இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உரிய விசாரணையின்றி ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்னும் காப்பு அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் கூறிலிருந்து வருகிறது என்பது உண்மையே. ஆனால் ஊதியம், படிகள், ஓய்வூதியம் போன்ற பலவும், என்.ஜி.ஓ. யூனியன் என்று பேச்சுவழக்கில் அறியப்பட்ட அமைப்பு முதல் இன்றைய ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு வரையிலான சங்கங்கள் கோரிக்கை மனு கொடுத்தும், மறியல் செய்தும், சிறைக்குப் போயும் பெற்றவை அல்லது காப்பாற்றிக்கொண்டவை. 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அன்றைய மாநில அரசு சுமார் 1.7 லட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து மீண்டும் பணியில் சேர்ந்தனர். தமிழ்நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான வேலை எனக் கருதப்படுவதன் பாதுகாப்பு எவ்வளவு என்பதற்கு அந்த ஒரு மாதம் போதிய சான்று.

முரண்பாடு என்னவென்றால், சங்கங்கள் வளர்த்தெடுத்த பணிநிலைகளுக்காகப் பிள்ளையைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும் அதே குடும்பம், ஒரகடத்திலோ ஓசூரிலோ தனியார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இன்னொரு பிள்ளையிடம் "சங்கம் கிங்கம் என்று போய்விடாதே" என்று சொல்லி அனுப்புகிறது. இந்த அறிவுரையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சங்கம் தொடங்க முனைபவரே முதலில் இடைநீக்கத்துக்கோ தொலைதூர இடமாற்றத்துக்கோ ஆளாகிறார் என்பதைக் கண்டறிந்த அனுபவத்தின் சாரம் அது. எனினும், தன் ஊழியர்கள் ஒன்றுகூடிப் பேசுவதையே ஒரு நிறுவனம் அஞ்சுகிறது என்றால், அப்படிப் பேசுவதில் ஏதோ பலன் இருக்கிறது என்ற முடிவும் அதே அனுபவத்திலிருந்து கிடைக்கிறது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலொன்றில் முன்வைத்த ஒரு பகுப்பு இவ்விடத்தில் உதவும். ஓர் அமைப்பில் நிலைமை சீர்கெடும்போது அதைச் சேர்ந்தவர்களுக்கு முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று விட்டு விலகுவது, மற்றொன்று உள்ளிருந்தபடியே எதிர்த்துப் பேசுவது. முன்னதை அவர் வெளியேற்றம் என்றும் பின்னதைக் குரல் என்றும் அழைத்தார். அமெரிக்கப் பொருளியலாளர்களான ரிச்சர்ட் ஃப்ரீமனும் ஜேம்ஸ் மெடாஃபும் 1984இல் இதைத் தொழிற்சங்கங்களுக்குப் பொருத்தி, தனி ஊழியரால் தனியாக எழுப்ப முடியாத குரலைக் கூட்டாக எழுப்பும் கருவியே சங்கம் என்று விளக்கினர். தனியொருவர் குரல் எழுப்பினால் இழப்பு அவருக்கு மட்டும், பலன் எல்லோருக்கும் என்பதால், அமைப்பு இல்லாத இடத்தில் பெரும்பாலோர் பேசாமலிருப்பதே இயல்பு. தமிழ்நாட்டில் வழங்கப்படும் தொழில் வழிகாட்டல் அனைத்தும், எந்தப் பாடம் படிக்கலாம், எந்த நிறுவனம் எவ்வளவு தரும், எப்போது வேறு நிறுவனத்துக்குத் தாவலாம் என்று வெளியேற்றத்தைப் பற்றியே பேசுகிறது. தாவ முடியாத நாளில் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இடம்பெறுவதே இல்லை.

பெரம்பூரில் தொடங்கிய கணக்கு

இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததற்கு ஒரு நேரடிக் காரணம் சென்னை நகரம். சங்கம் என்ற அமைப்பு உருவாவதற்கு முன்பே, 1908இல், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்றிருந்தனர். ஆனால் நிலையான உறுப்பினர், சந்தா, நிர்வாகிகள் என்ற அமைப்புடன் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கமே நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை, செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் திரட்டினர்; பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடனிருந்தார். நீண்ட வேலைநேரத்துக்கு நடுவே சோறு உண்ணக்கூடப் போதாத மதிய இடைவேளை என்பது அவர்களுடைய முதன்மைக் குறைகளில் ஒன்று.

1920இல் தகராறு முற்றியபோது பின்னி நிறுவனம் தொழிலாளர்களிடம் பேசுவதை விட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா உள்ளிட்டோர்மீது அது வழக்குத் தொடுத்து, நீதிமன்றத் தடையாணையும் பெற்றது. அன்றைய சட்டத்தின்படி, தொழிலாளர்கள் கூடிப் பேசி வேலையை நிறுத்துவது குற்றச் சதியாகவும் இழப்பீட்டுக்குரிய தவறாகவும் கருதப்படக்கூடிய நிலை இருந்தது. அதாவது ஒன்றுசேர்வதே சட்டத்தின் கண்ணில் ஐயத்துக்குரியது. இந்நிலையைக் கண்டே 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம், பதிவுபெற்ற சங்கத்தின் நடவடிக்கைகளுக்காக அதன் நிர்வாகிகள்மீது சதி வழக்கோ இழப்பீட்டு வழக்கோ எளிதில் தொடுக்க முடியாது என்பவை அச்சட்டத்தின் உயிர்நாடி. பின்னர் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால், ஏழு பேர் என்பதோடு, நிறுவனத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, இவற்றில் குறைவானது, உறுப்பினராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது.

அதே பெரம்பூரின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மற்றொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. தொழிற்சங்க மேடைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்திலிருந்து விலகி வேலைக்குத் திரும்பியதும், புளியந்தோப்புப் பகுதியில் மோதல்களும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள், ஆலைக்கு வெளியே தம்மைத் தள்ளிவைக்கும் ஒரு சமூகத்தோடு ஆலைக்குள் மட்டும் எதற்காகப் பட்டினியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தம் மக்களின் நியாயத்தின் பக்கம் நின்றனர். வர்க்க ஒற்றுமை தானாக விளையும் என்று எண்ணிய தலைமைக்குச் சாதி தந்த அடி அது. திரு.வி.க.வைப் போன்ற நல்லெண்ணத் தலைவர்கள் இருந்தும் அது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

1926ஆம் ஆண்டுச் சட்டம் சங்கம் அமைக்க அனுமதித்ததே தவிர, அச்சங்கத்துடன் நிர்வாகம் பேசியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பதிவு என்பது அரசு தரும் அடையாளம். அங்கீகாரம் என்பது நிர்வாகம் அச்சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய தரப்பாக ஏற்றுக்கொள்வது. மகாராஷ்டிரத்தில் அங்கீகாரத்துக்கென 1971இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் கூறு சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தாலும், கூட்டுப்பேரம் பேசுவதும் வேலைநிறுத்தம் செய்வதும் அந்த அடிப்படை உரிமைக்குள் அடங்கா என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே கூறிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப்பேர உரிமை ஆகியவை குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் எண் உடன்படிக்கைகளையும் இந்தியா இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைப் போராட்டம் காட்டியது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றைத் தயாரிக்கும் அந்த ஆலையில், சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு, வேலைநேரம் முதலிய கோரிக்கைகள் இருந்தாலும் முடிச்சு விழுந்த இடம் வேறு: இடதுசாரித் தொழிற்சங்க அமைப்பான சி.ஐ.டி.யு.வின் ஆதரவுடன் அமைந்த சங்கத்தின் பதிவு. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதை நிர்வாகம் எதிர்த்தது. தொழிலாளர் துறையின் முடிவு தள்ளிப்போயிற்று. சங்கத்தில் சேராத தொழிலாளர் குழுவொன்றுடன் தனி உடன்பாடும் கையெழுத்தானது. வேலைநிறுத்தம் 37 நாள்களுக்குப் பின் முடிந்தபோதும் பதிவு கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவுபெற்றது. 1926 முதல் சட்டப்புத்தகத்தில் இருக்கும் ஓர் உரிமையின் முதற்படியை எட்ட இத்தனை பாடு. இதில் கவனிக்கத்தக்க ஒன்று, தென்கொரியாவில் பல பத்தாண்டுகளாகச் சங்கமின்றி ஆலை நடத்துவதையே கொள்கையாகக் கொண்டிருந்த அந்நிறுவனத்தின் தலைமை, 2020 மே மாதம் அக்கொள்கையைக் கைவிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்திருந்தது என்பதாகும்.

சங்கம் இல்லாத இடத்தில் போராட்டமும் இராது என்ற நிர்வாகத் தரப்பின் கணக்குக்கு எதிர்ச்சான்று அதே வட்டாரத்தில் உள்ளது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் கெட்டுப்போன உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கே தொழிற்சங்கம் இல்லை. நம்பத்தகுந்த தகவலைத் தரவும் யாரும் இல்லாத நிலையில், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, பெண்கள் இரவோடிரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அந்த ஆலையிடமிருந்து கைபேசிகளை வாங்கும் ஆப்பிள் நிறுவனம் அதனைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. பின்னாளில் மாநில அரசு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதிகளைக் கட்டி 2024இல் திறந்தது. குறையைச் சொல்ல ஒரு வழி ஆலைக்குள் இருந்திருந்தால் அது முதல் வாரத்திலேயே விடுதிக் காப்பாளரையும் சமையற்கூடத்தையும் எட்டியிருக்கும். வழி இல்லாததால் நேரே நெடுஞ்சாலைக்குப் போயிற்று.

ஆலை மூடும்போது

சங்கங்களால் ஆலைகள் ஓடிவிடும் என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை தந்து, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே சங்கமும் வேலைநிறுத்தங்களும் இருந்தன. ஆனால் ஆலையை வீழ்த்தியது வருமான வரித் தகராறு. அதனால் சொத்து முடக்கப்பட்டு, கைபேசி வணிகத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் ஒப்படைக்கப்படாமல் தங்கியது. வாங்குவோர் கேட்பது நின்றதும் உற்பத்தியும் நின்றது. சங்கத்தால் அதைக் காப்பாற்ற முடியவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதலீட்டின் போக்கை முடிவுசெய்யும் ஆற்றல் எந்த ஆலைச் சங்கத்துக்கும் இல்லை.

ஆனால் ஆலை மூடப்படும் விதத்தை மாற்றும் ஆற்றல் உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆலை மூடலின்போது சட்டப்படி தரவேண்டிய இழப்பீடு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். ஓராண்டு நீண்ட பேச்சுவார்த்தைக்கும் இடையிடையே நடந்த உற்பத்தி நிறுத்தங்களுக்கும் பிறகு, 2022 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்த இறுதித் தொகை, ஆண்டொன்றுக்குச் சராசரியாக 130 நாள் மொத்த ஊதியத்துக்கு இணையானது, குறைந்தது 34.5 லட்சம் ரூபாய், அதிகபட்சம் 86.5 லட்சம். உலகச் சந்தையில் பெயரைக் காக்கவேண்டிய நிறுவனம் என்பதும் இதற்கு உதவியிருக்கும். எனினும் 15க்கும் 130க்கும் இடையிலான தூரத்தைத் தனித்தனியாக மனிதவளப் பிரிவின் வாசலில் நின்ற தொழிலாளர்கள் கடந்திருப்பார்கள் என்று கருத இடமில்லை. அந்தத் தொகை நிரந்தரத் தொழிலாளர்களுக்கானது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கணினித் துறைக்குப் பொருந்துமா?

மென்பொருள் ஊழியர்களுக்குச் சங்கம் எதற்கு என்ற கேள்வியின் பின்னால் இரண்டு எண்ணங்கள் உள்ளன: சம்பளம் அதிகம் என்பது ஒன்று, அவர்கள் தொழிலாளர் அல்லர் என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணம் பெரும்பாலும் பிழை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் வரையறை, உடலுழைப்பைப் போலவே தொழில்நுட்பப் பணியையும் எழுத்தர் பணியையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் அடக்கியது. ஊதிய வரம்பு மேற்பார்வைப் பணி செய்வோருக்கு மட்டுமே உண்டு. ஆகவே லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி நிரல் எழுதுபவரும் சட்டத்தின்படி தொழிலாளியாக இருக்கலாம். பதவியின் பெயர் என்ன என்பதைவிட, அவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2014–15இல் சென்னையில் நடந்த ஆட்குறைப்பு எதிர்ப்பைத் தொடர்ந்து, தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்தியது.

இத்துறையில் இதுநாள்வரை வெளியேற்றமே குரலின் வேலையைச் செய்துவந்தது: மேலாளர் சரியில்லையா, வேறு நிறுவனம், சம்பளம் போதவில்லையா, வேறு நிறுவனம். சந்தை சூடாக இருக்கும்வரை சங்கம் தேவையற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்தக் கணிப்பு அக்காலத்துக்குத் தவறானதும் அன்று. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில், விடுவிக்கப்போவதாக அறிவித்தபோது அந்த நிலை மாறத் தொடங்கியது. நாற்பது வயதைக் கடந்து, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கொண்டவருக்குத் தாவுவது எளிதன்று. மேலும், இத்துறையில் பணிநீக்கம் என்ற சொல்லைத் தவிர்த்து ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்குவது வழக்கம். தாமாக விலகியவராகிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் அதற்குரிய நடைமுறைகளையும் கோர முடியாது. கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒருவர் யாரைக் கேட்பது என்பதே அங்கே நடைமுறைக் கேள்வியாக இருக்கிறது.

சங்கங்கள்மீதான குறை

சங்கங்கள் தாமே தேடிக்கொண்ட அவநம்பிக்கையும் சிறிதன்று. தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கம், இடதுசாரிகளுக்குச் சி.ஐ.டி.யு.வும் ஏ.ஐ.டி.யு.சி.யும் என்று கட்சிக்கொரு சங்கம் இருக்கும் மாநிலத்தில், ஆளுங்கட்சி மாறும்போது சங்கத்தின் குரலின் அளவும் மாறுவதைப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகள் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றன. வெளியாள் தலைமை என்ற குறையிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேலையிழக்கும் அச்சமின்றி நிர்வாகத்தின் எதிரே அமரக்கூடியவர் வெளியாள் மட்டுமே என்பதால்தான் வாடியா காலத்திலிருந்தே அந்த வழக்கம் நிலைத்தது. கட்சித் தொடர்பு எப்போதும் பயனற்றதும் அன்று: 12 மணிநேர வேலையை அனுமதிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, ஆளுங்கட்சியின் சங்கமும் சேர்ந்து எதிர்த்ததால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

இதைவிடக் கடுமையான குறை, சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளர்களின் மன்றங்களாகச் சுருங்கிவிட்டன என்பது. இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் பத்தில் நால்வர் இன்று ஒப்பந்ததாரர் வழியாக வருபவர்கள் என்று ஆண்டுத் தொழில் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே கன்வேயரின் இருபுறமும் நின்று ஒரே வேலையைச் செய்பவர்களில் ஒருவருக்கு 12(3) ஒப்பந்தத்தின் ஊதியமும், மற்றவருக்கு அதில் ஒரு பகுதி மட்டும் என்பதும் வழக்கமாகிவிட்டது. தொழிலாளர் துறை அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தாகும் சமரச ஒப்பந்தத்தையே தொழில் தகராறு சட்டத்தின் பிரிவைக் கொண்டு தொழிலாளர்கள் 12(3) என்கிறார்கள்.

பெண்களின் அமைப்புகளில் நிலைமை வேறாக இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்து ஆடை ஆலைகளில் தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், 2022இல், பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கென ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்துடனும் எச் அண்டு எம் போன்ற பன்னாட்டு வணிக நிறுவனங்களுடனும் கட்டாயமாக நிறைவேற்றவேண்டிய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தத்தை மீறினால் ஆலைக்குக் கிடைக்கும் ஆர்டர்கள் பாதிக்கப்படும் என்பது அதன் பிடி. ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே விற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமை 2021இல் தமிழ்நாட்டில் சட்டமானதற்கும், கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பெரிய சங்கங்களை நம்பாமல் தாமே அமைப்பு கண்டு போராடி 2018இல் கேரளத்தில் பெற்ற சட்டமே முன்மாதிரி. நாட்டின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கும் நிலையில், வருங்காலச் சங்கத்தின் முகம் எங்கிருந்து வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, தமிழ்நாட்டில் இதுவரை இல்லாத ஒன்றைத் தருகிறது: நிறுவனத் தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரைக் கொண்ட சங்கம் பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கமாக ஏற்கப்படும், அத்தகைய சங்கம் இல்லையெனில் 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேரவை அமைக்கும். மறுகையால் அது எடுத்துக்கொள்வதும் உண்டு: எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமே, 300 பேருக்குக் குறைவான ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவையில்லை, குறித்த காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் பணிமுறைக்கும் முழு ஏற்பு. பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் அமர்த்தப்படுவோர் இத்தொகுப்பின் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்களோ ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கின்றன. பட்டயப்படிப்பு முடித்து அடுத்த மாதம் ஒரகடத்தில் வேலைக்குச் சேரவிருக்கும் ஓர் இளைஞர் பணி ஆணையில் சம்பளத்துக்கு முன்பாகப் படிக்கவேண்டிய வரி இதுவே: ஆணையை வழங்குவது நிறுவனமா ஒப்பந்ததாரரா, நியமனம் நிரந்தரமா, குறித்த காலத்துக்கா, பயிற்சியாளராகவா. அந்த 51 சதவீதக் கணக்கில் அவர் எண்ணப்படுவாரா என்பதை அந்த வரிதான் முடிவுசெய்கிறது.